கிக்கர் ரப்பர்

போன வாரம் வர வேண்டிய எபிசோடு வரல, நிறைய பேர் கேட்டிருந்தீங்க. டேட்டாபேஸ் இண்டெக்சிங் பத்தி ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தேன். எடிட் பண்ண உட்கார்ந்தேன், கை ஓடல. வேற ஒரு விஷயம் மனசுல நின்னுக்கிட்டு இருக்கு. அதைப் பேசி முடிக்காம இண்டெக்சிங் பத்தி உங்ககிட்ட உற்சாகமா பேச முடியும்னு தோணல. அதனால இன்னைக்கு கோட் இல்ல, டூல்ஸ் இல்ல, கெஸ்ட்டும் இல்ல. நான் மட்டும்தான்.

இந்த ஜனவரியில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இறந்துபோனார். அமெரிக்காவுல, ஒஹையோ மாநிலத்துல. வயசு 73. சொந்தக்காரர் இல்ல, ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவரும் இல்ல. பழைய மோட்டார்சைக்கிளை வச்சு மண் ட்ராக்குல ரேஸ் ஓட்டின மனுஷர். அவரைப் பத்திப் பேசலாம், பேர் மட்டும் வேண்டாம்னு அவங்க வீட்டுல சொன்னாங்க. அவர் பைக் நம்பர் 47. ரேஸுக்கு முன்னாடி பைக்கை நிறுத்தி ரெடி பண்ற மைதானத்தை பேடக்னு சொல்வாங்க. அந்த பேடக்ல பாதி பேர் அவரை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நானும் நாற்பத்தேழுன்னே சொல்றேன்.

"ரேஸ்ல விழுந்துட்டாரா?" இதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. இல்ல. ராத்திரி தூக்கத்துல மாரடைப்பு. ஐம்பது வருஷத்துக்கு மேல மண்ணுல குதிச்சு, காலர்போன் ரெண்டு தடவை உடைஞ்சு, அதெல்லாம் தாண்டி வந்தவர் கட்டில்ல படுத்தபடியே போயிட்டார்.

ஏழு இன்ச், நாலு இன்ச்

முதல்ல இந்த ரேஸ் என்னன்னு சொல்லிடறேன். மோட்டோகிராஸ் வீடியோ பார்த்திருப்பீங்க. பைக் ரெண்டு மாடி உயரத்துக்குப் பறக்கும், கீழ வந்து விழும், ரைடர் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓட்டிட்டுப் போவார். அதுக்குக் காரணம் சஸ்பென்ஷன். இப்போ வர்ற ரேஸ் பைக்ல சக்கரம் ஏறக்குறைய 12 இன்ச் மேலயும் கீழயும் ஆடும். அடியை அது வாங்கிக்கும்.

வின்டேஜ் மோட்டோகிராஸ் வேற உலகம். அமெரிக்காவுல இதை நடத்துற பெரிய அமைப்பு அமெரிக்கன் ஹிஸ்டாரிக் ரேசிங் மோட்டார்சைக்கிள் அசோசியேஷன். சுருக்கமா 'ஆர்மா'ன்னு சொல்வாங்க. அவங்க கணக்குல வின்டேஜ்னா 1974 வரைக்கும் வந்த மாடல் பைக்குகள். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வேற பிரிவு. சஸ்பென்ஷன் அசைவு முன்னால 7 இன்ச், பின்னால 4 இன்ச், அதுக்கு மேல கூடாது. ஏன் அந்த வருஷத்துல கோடு போட்டாங்கன்னா, எழுபதுகளோட நடுவுலதான் நீளமான சஸ்பென்ஷன் வந்து மொத்த விளையாட்டையும் மாத்திடுச்சு. அதுக்கு முன்னாடி இருந்த விளையாட்டை அப்படியே காப்பாத்தணும்னுதான் இந்த விதி.

பின்னால நாலே இன்ச்னா, மீதி அடியை வாங்குறது உங்க முட்டியும் முதுகும்தான். அதனால ட்ராக்கும் பெரிய ஜம்ப் இல்லாம, நிலம் எப்படி ஏறி இறங்குதோ அப்படியே இருக்கும். சில இடங்கள்ல ஸ்டார்ட் பண்றதுக்குக்கூட அந்தக் கால முறைதான். வரிசைக்கு முன்னாடி ஒரு நீளமான ரப்பர் கயிறு. அதை விட்டதும் சுருக்குனு ஓரத்துக்கு இழுத்துக்கும், எல்லாரும் பறப்பாங்க.

ஓட்டுறவங்க யாருன்னு பாருங்க. 40 வயசுக்கு மேல, 50க்கு மேல, 60க்கு மேல, 70க்கு மேலன்னு தனித்தனி பிரிவு உண்டு. எழுபதைத் தாண்டினவங்க ரேஸுக்கு லைன்ல நிக்கிறாங்க! முதல் தடவை பார்த்தப்போ எனக்கு சிரிப்பு வந்துச்சு. ரெண்டாவது லேப்ல ஒரு தாத்தா உள்பக்கமா வந்து இன்னொரு தாத்தாவை முந்தினதைப் பார்த்ததும் அந்த சிரிப்பு போயிடுச்சு.

இப்படி ஒரு கூட்டத்துல சாவு அடிக்கடி வரும். அதை அவங்க மறைச்சுக்கிறதில்ல. வருஷா வருஷம் சீசன் ஆரம்பிக்கும்போது யார் வந்திருக்காங்க, யார் வரலன்னு ஒரு கணக்கு மனசுக்குள்ள ஓடும். குளிர்காலம் முடிஞ்சு வர்ற முதல் ரேஸ்ல யாரோ ஒருத்தர் இல்லாம இருப்பார்.

லிவர்

நான் அவரைப் பார்த்தது 2022 ஜூலையில. கம்பெனி என்னை கொலம்பஸுக்கு ஆன்சைட் அனுப்பியிருந்தது. அங்கிருந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினா லெக்சிங்டன்னு ஒரு சின்ன ஊர். அங்க மிட்-ஒஹையோ ரேஸ் ட்ராக் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை ஏ.எம்.ஏ. வின்டேஜ் மோட்டார்சைக்கிள் டேஸ் அங்கதான் நடக்கும். ரோடு ரேஸ், மோட்டோகிராஸ், ட்ரையல்ஸ் எல்லாம் உண்டு. கூடவே பழைய பைக்கும் பழைய பார்ட்ஸும் விக்கிற ஸ்வாப் மீட்னு ஒரு சந்தை. நம்ம புதுப்பேட்டையைப் பெரிய புல்வெளியில பரப்பி வச்சா எப்படி இருக்கும், அதுதான். வார இறுதியில ரூம்ல தனியா உட்கார்ந்திருக்க முடியாம போனேன், அவ்வளவுதான்.

நடந்துக்கிட்டே போனப்போ ஒரு சிவப்பு ஜாவா 250 நின்னுச்சு. அறுபதுகள்ல வந்த வண்டி. ரெண்டு பக்கமும் சைலன்சர், டேங்க்ல முட்டி வைக்கிற ரப்பர். அச்சு அசல் எங்க அப்பாவோட யெஸ்டி மாதிரி. அப்பா நான் ஸ்கூல் படிக்கும்போது வரைக்கும் யெஸ்டிதான் வச்சிருந்தார். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: செக்கோஸ்லோவாகியா கம்பெனியோட லைசென்ஸ் வாங்கி மைசூர்ல ஐடியல் ஜாவா தொழிற்சாலை அறுபதுகள்ல ஓட ஆரம்பிச்சது. 1973ல பேரை யெஸ்டின்னு மாத்தினாங்க. 1996ல மூடினாங்க.

ஜாவா, யெஸ்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும், அந்த வண்டியில கிக்கரும் கியர் லிவரும் ஒண்ணுதான். உள்ள அழுத்தி மேல திருப்பினா கிக்கர். ஸ்டார்ட் ஆனதும் திரும்ப முன்னால படுக்க வச்சா கியர். நான் யோசிக்கவே இல்ல. குனிஞ்சு கையால அந்த லிவரை உள்ள அழுத்தி திருப்பிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல். "இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?"

திரும்பினா வெள்ளை மீசையும் அழுக்கு ஜெர்சியுமா ஒருத்தர். "எங்க அப்பா"ன்னேன். அப்பாவோட போட்டோவை போன்ல தேடி எடுத்துக் காட்டினேன். யெஸ்டி மேல அப்பா, டேங்க் மேல நான், எனக்கு மூணு வயசு இருக்கும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மடக்கு நாற்காலி ஒண்ணை விரிச்சு, உட்காருன்னார்.

அந்த ஜாவா அவர் பேடக்ல சுத்துறதுக்கு வச்சிருந்த வண்டி. ரேஸ் ஓட்டுற வண்டி பக்கத்துல நின்னுச்சு, சி.இசட். 250. சி.இசட்.டும் ஜாவாவும் செக் நாட்டுல ஒரே குடும்பம் மாதிரி. அந்த ரேஸ் பைக்லயும் அதே லிவர்தான், கிக்கரும் கியரும் ஒண்ணு. மைசூர்ல செஞ்ச அப்பாவோட வண்டிக்கும் ஒஹையோவுல மண்ணுல குதிக்கிற இந்த வண்டிக்கும் ஒரே தாத்தா. அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் சொன்னது ஒருத்தருக்குப் புரியாமலே பத்து நிமிஷம் பேசினாங்க. ரெண்டு பேரும் கையை லிவர் மாதிரி ஆட்டி ஆட்டி.

அதுக்கப்புறம் ரெண்டு சீசன் அவர்கூட சுத்தினேன். நான் ரேஸ் ஓட்டல. பெட்ரோல் கேனைத் தூக்குவேன், செயின்ல ஒட்டின மண்ணைச் சுரண்டுவேன், ரேஸ் முடிஞ்சு வந்தா தண்ணி குடுப்பேன். அங்க எல்லாரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, பத்து வயசுப் பையன்கூட. எனக்கு எழுபது வயசுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரல. 'சார்'னா அவருக்குப் பிடிக்காது. அதனால கடைசி வரைக்கும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளிச்சேன். பக்கத்துல போய் நிப்பேன், அவரா திரும்பிப் பார்ப்பார்.

அவரைப் பத்தி ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, வாசனை. டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோல்ல ஆயில் கலக்கணும்ல. இந்த வின்டேஜ் ஆட்கள்ல பலர் இன்னும் ஆமணக்கு எண்ணெய் அடிப்படையில செஞ்ச ஆயிலைத்தான் கலப்பாங்க. நம்ம விளக்கெண்ணெய்! அது எரியும்போது ஒரு தித்திப்பான வாசனை வரும். எங்க பாட்டி விளக்கெண்ணெய் குடுக்க வந்தா ஓடி ஒளிஞ்ச நான், அமெரிக்காவுல அந்தப் புகையை மோந்துக்கிட்டு நின்னேன். உலகத்துல ஆமணக்கு அதிகமா விளையுறது இந்தியாவுலதான்னு சொன்னப்போ, "அப்ப ஐம்பது வருஷமா உங்க ஊரைத்தான் எரிச்சுக்கிட்டு இருக்கேன்"னார்.

ரெண்டாவது, மாஸ்கிங் டேப். அவர் எதைக் கழட்டினாலும் அதுல ஒரு துண்டு டேப் ஒட்டி பேனாவால எழுதுவார். கார்புரேட்டர் டப்பாவுல, "குளிருக்கு மெயின் ஜெட் ஒரு சைஸ் பெருசு." குளிர்ல காத்து அடர்த்தியா இருக்கும், அதுக்கு பெட்ரோல் கொஞ்சம் கூட வேணும், அதுக்காக. ஒரு கேபிள்ல, "நீளம் சரி, நம்பாதே." யாருக்காக இதெல்லாம் எழுதுறீங்கன்னு கேட்டேன். "எனக்குத்தான். அடுத்த மாசம் வர்ற எனக்கு இதெல்லாம் தெரியாது"ன்னார். கோட்ல கமென்ட் எழுதுறதைப் பத்தி நான் கேட்ட எந்த டாக்லயும் இதைவிட நல்லா யாரும் சொல்லல.

போனவங்களைப் பத்தி

அவர் இறந்தவங்களைப் பத்தி சாதாரணமா பேசுவார். 2021ன்னு சொன்னாலே ஒரு பெருமூச்சு வரும். அந்த வருஷம் ஜனவரி 13 அன்னைக்கு ஜோயல் ராபர்ட் போனார், 77 வயசு. பெல்ஜியம்காரர், 250 சிசி மோட்டோகிராஸ்ல ஆறு தடவை உலக சாம்பியன். அதுல முதல் மூணு, 1964, 68, 69, சி.இசட். வண்டியில ஜெயிச்சது. அந்த ஜெயிப்பைப் பத்தி பத்திரிகையில படிச்சுட்டுத்தான் நம்ம நாற்பத்தேழு 17 வயசுல, வீடு வீடாப் போய் புல் வெட்டின காசுல சி.இசட். வாங்கினார். ராபர்ட்டோட நேர்ல ஒரு வார்த்தை பேசினது கிடையாது.

அதே வருஷம் ஏப்ரல் 26, டிக் மேன். 86 வயசு. 1963லயும் 1971லயும் அமெரிக்க கிராண்ட் நேஷனல் சாம்பியன். டேட்டோனா 200 ரேஸை 1970ல ஹோண்டாவுலயும் 71ல பி.எஸ்.ஏ.வுலயும் ஜெயிச்சவர். இந்தக் கூட்டம் அவரைக் கொண்டாடுறதுக்கு அது மட்டும் காரணம் இல்ல. ஓய்வு பெற்ற பிறகு பழைய பைக்குகளைக் கட்டுறதுலயும், பழைய பைக் ரேஸை வளர்க்கிறதுலயும் இறங்கி வேலை செஞ்சார். அவரை மாதிரி ஆட்கள் இல்லன்னா வின்டேஜ் மோட்டோகிராஸ்னு ஒண்ணு இந்த அளவுக்கு வந்திருக்குமான்னு சந்தேகம்தான்.

நான் சென்னைக்குத் திரும்பினதுக்கு அப்புறம், 2024 நவம்பர்ல, அவர்கிட்டயிருந்து ஒரு மெசேஜ். "மால்கம் போயிட்டார். இன்னைக்கு ராத்திரி படம் பாரு." மால்கம் ஸ்மித், 83 வயசு. ஐ.எஸ்.டி.டி.ன்னு ஆறு நாள் நடக்கிற ஆஃப்-ரோடு போட்டியில எட்டு தங்க மெடல் வாங்கினவர். படம்னு சொன்னது ப்ரூஸ் பிரவுன் 1971ல எடுத்த 'ஆன் எனி சண்டே'ங்கிற டாக்குமென்டரி. மால்கம் ஸ்மித், மெர்ட் லாவில், ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன், இந்த மூணு பேரைச் சுத்திப் போற படம். கடைசியில மூணு பேரும் பீச்சுல பைக் ஓட்டிக்கிட்டு விளையாடுவாங்க. அதுல மெக்குவீன் 1980லயே, 50 வயசுல போயிட்டார். மெர்ட் லாவில் பின்னாடி, ரேஸ்ல கையை இழந்த ஒரு சக ரைடர் மறுபடி ஓட்டணும்னு செயற்கைக் கை ஒண்ணை வடிவமைச்சார்.

வேளச்சேரியில ஹெட்போன் மாட்டிக்கிட்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். முடிஞ்சதும் "பார்த்துட்டேன்"னு அனுப்பினேன். அவர் அனுப்பின பதில்: "நல்லது. நாளைக்கு வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும்." அவ்வளவுதான் அவரோட துக்கம். அப்போ எனக்கு அது கொஞ்சம் வறட்சியா தெரிஞ்சுச்சு.

அடுத்த வாரம்

இப்போ என் கதைக்கு வர்றேன். இதைச் சொல்லத்தான் இன்னைக்கு மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கேன்.

போன ஆகஸ்ட்ல அவர் ஒரு போட்டோ அனுப்பினார். ஜாவாவோட அந்த லிவர். அதுல மாட்டுற ரப்பர் கிழிஞ்சு தொங்குது. "உங்க ஊர்ல யெஸ்டி ரப்பர் இன்னும் கிடைக்குமாமே? ஒண்ணு கிடைக்குமா? அவசரம் இல்ல."

"கண்டிப்பா. அடுத்த வாரம் அனுப்பறேன்"னு போட்டேன்.

அடுத்த வாரம் ரிலீஸ். அதுக்கு அடுத்த வாரம் ப்ரொடக்‌ஷன்ல பிரச்சனை. தீபாவளி. மழை. நவம்பர் கடைசியில ஒரு சனிக்கிழமை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் பெரியவர், "ரோட்கிங்கா, கிளாசிக்கா தம்பி?"ன்னார். ரெண்டும் இல்ல, பழைய ஜாவா, அமெரிக்காவுல இருக்குன்னேன். ஏற இறங்கப் பார்த்துட்டு, உள்ள போய் ஒரு ரப்பரைத் தட்டித் துடைச்சுக் கொண்டுவந்து, "போட்டுப் பாருங்க, உட்காரும்"னார். நூறு ரூபாய்கூட இல்ல.

வாங்கி வந்து மேசை டிராயர்ல வச்சேன். கூரியர் சார்ஜ் எவ்வளவுன்னு பார்த்தேன், ரப்பரை மாதிரி பல மடங்கு. யாராவது ஆன்சைட் போனா குடுத்து விடலாம்னு நினைச்சேன். டிராயரை மூடிட்டேன்.

ஜனவரியில அவர் பேடக் கூட்டாளி ஒருத்தர்கிட்டயிருந்து மெசேஜ் வந்துச்சு.

அன்னைக்கு நான் செஞ்ச முதல் காரியம், டிராயரைத் திறந்து அந்த ரப்பர் இருக்கான்னு பார்த்தது. இருந்துச்சு. எங்க போகும்?

அஞ்சலிக் கூட்டம் அவங்க ஊர் நேரம் மதியம் ரெண்டு மணி. இங்க ராத்திரி பன்னிரண்டரை. கூட்டாளி போன்ல வீடியோ கால் போட்டு ஒரு ஜன்னல் ஓரமா என்னைச் சாத்தி வச்சார். வெளியில பனி. உள்ள நாற்பது, ஐம்பது பேர். கோட்டுக்குள்ள பழைய ரேஸ் ஜெர்சி போட்டுக்கிட்டு வந்திருந்தாங்க. பேச்சு ரொம்ப இல்ல. முடிஞ்சதும் ஒரு அட்டையில பேப்பரை வச்சு ஆளாளுக்குக் கைமாத்திக்கிட்டாங்க. கையெழுத்துப் புத்தகம்னு நினைச்சேன். இல்ல. அவர் பேடக்ல செஞ்சுக்கிட்டிருந்த வேலைகளோட லிஸ்ட். புதுசா வர்றவங்களுக்கு ஆயில் கலக்கக் கத்துக்கொடுக்கிறது. ஸ்பேர் கேபிள் பெட்டியை ஒவ்வொரு ரேஸுக்கும் கொண்டு வர்றது. ட்ராக் ஓரத்துல கொடி பிடிக்க ஆள் குறைஞ்சா நிக்கிறது. தனியா வர்றவனுக்கு நாற்காலி போடுறது. உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருந்ததுன்னு கூட்டாளி அப்புறம் சொன்னார். ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒருத்தர் தன் பேரை எழுதிக்கிட்டாங்க.

சாஃப்ட்வேர்ல நாம 'பஸ் ஃபேக்டர்'னு சொல்வோம். டீம்ல எத்தனை பேர் பஸ்ல அடிபட்டா ப்ராஜெக்ட் நின்னுபோகும்ங்கிற கணக்கு. சிரிச்சுக்கிட்டே சொல்வோம். அந்த ராத்திரி எனக்கு சிரிப்பு வரல. ஒரு மனுஷன் போனா எத்தனை வேலை நின்னுபோகும்னு உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறதும் ஒரு ஒப்பாரிதான்னு தோணுச்சு. நம்ம ஊர்ல சாவு வீட்டுல சாமியானா போடுறதுலேர்ந்து காபி தர்றது வரைக்கும் யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு வேலையை எடுத்துப்பாங்க. பதினாறாம் நாள் காரியத்தோட அது முடிஞ்சிடும். இவங்க எடுத்துக்கிட்டது அடுத்த சீசனுக்கான வேலை, அதுக்கு அடுத்த சீசனுக்கும்.

லிஸ்ட்ல எனக்கு வேலை இல்ல. இருந்த ஒரே வேலையை நான் முன்னாடியே வாங்கி, செய்யாம வச்சிருந்தேன்.

துக்கம் கேட்கிறது

பத்து நாள் அவங்க மனைவிக்கு நான் ஒண்ணும் அனுப்பல. டைப் பண்ணுவேன், அழிப்பேன். கும்பிடுற எமோஜி போட்டு அனுப்பறதுக்குப் பதிலா அனுப்பாமலே இருக்கலாம்னு இருந்துச்சு. ஊர்லயிருந்து அம்மா போன் பண்ணினப்போ பேச்சுவாக்குல சொன்னேன். அம்மா கோபப்பட்டாங்க. "என்னடா இது, அவ்வளவு பழகியிருக்கே. போன் பண்ணி ஒரு வார்த்தை துக்கம் கேக்கறதுக்கு என்ன? என்ன பேசறதுன்னு தெரியலன்னா பேசாதே. அவங்க பேசுவாங்க, நீ கேளு."

பண்ணினேன். எடுத்ததும் யாருன்னு சொல்லணும்ல, அவரோட பேரைச் சொல்லி, "அவரோட ஃப்ரெண்டு, சென்னையிலிருந்து"ன்னேன். சொன்னதுக்கப்புறம்தான் உறைச்சுது. அந்தப் பேரை வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அம்மா சொன்னது சரி. அவங்கதான் பேசினாங்க. சி.இசட்.டை என்ன பண்றதுன்னு வீட்டுல பேச்சு நடக்குதாம். நல்ல விலைக்குக் கேட்கிறாங்க, குடுத்துடலாம்னு பையன் சொல்றாராம். துடைச்சு, சுவத்துல மாட்டி, அவர் நினைவா வச்சிடலாம்னு கூட்டாளிகள்ல ரெண்டு பேர். ஓட்டினா தேயும், ஒரிஜினல் பார்ட்ஸ் போனா திரும்ப வராதுங்கிற பயம். அதுல நியாயம் இருக்கு. கொலம்பஸ் பக்கத்துலயே பிக்கரிங்டன்ல மோட்டார்சைக்கிள் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியம் இருக்கு. அங்க நிறுத்தி வச்ச வண்டிகளைப் பார்த்து நானே கண் கலங்கியிருக்கேன். மியூசியம் இல்லன்னா அந்த வண்டியெல்லாம் என்னைக்கோ பழைய இரும்பா போயிருக்கும்.

ஆனா அவங்க சொன்னாங்க, "ஓடாத வண்டி வீட்டுல இருந்தா அவருக்குத் தூக்கம் வராது. அது உனக்கே தெரியும்." கூட்டாளி ஓட்டட்டும்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்போதான் எனக்கு அந்த நவம்பர் மெசேஜ் புரிஞ்சுது. நாளைக்கு வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணணும்னு அவர் எழுதினது வறட்சி இல்ல. தனக்குப் பிடிச்ச ஒருத்தர் போன அன்னைக்கு அவருக்குச் செய்யத் தெரிஞ்சது அதுதான்.

வைக்கப் போகும்போது தயங்கித் தயங்கி ரப்பர் விஷயத்தைச் சொன்னேன். ஆகஸ்ட்ல கேட்டார், நான் அனுப்பலன்னு. அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் சிரிச்சாங்களா அழுதாங்களான்னு எனக்கு இன்னும் சரியா தெரியல. "கராஜுக்குப் போறேன், லைன்லயே இரு"ன்னாங்க. கதவு திறக்கிற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல ஒரு போட்டோ வந்துச்சு. ஜாவா. கிழிஞ்ச ரப்பரைக் கழட்டிட்டு, வெறும் இரும்பு லிவர் மேல கறுப்பு டேப் சுத்தியிருக்கார். அதுல ஒரு துண்டு மாஸ்கிங் டேப். அவர் கையெழுத்து: "தற்காலிகம். சென்னையிலிருந்து வருது."

வருதுன்னே எழுதியிருக்கார். நான் சொன்னதை நம்பி.

அதுக்கு மேல என்னால பேச முடியல.

உட்கார்ந்தது

மறுநாள் காலையில ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு கூரியர் ஆபீஸுக்குப் போனேன். கவுன்டர்ல இருந்த அக்கா, "உள்ள என்ன?"ன்னாங்க. ரப்பர்னேன். "வேல்யூ?" எண்பது ரூபான்னேன். சார்ஜைச் சொல்லிட்டு, "பரவாயில்லையா?"ன்னு கேட்டாங்க. பரவாயில்லன்னேன்.

ஏப்ரல்ல சீசனோட முதல் ரேஸ். வீடியோ அனுப்பியிருந்தாங்க. கூட்டாளிக்கு வயசு அறுபதுக்கு மேல. சி.இசட்.டை எடுத்து ட்ராக்கை மெதுவா ஒரு சுத்து சுத்திவந்தார், நம்பர் 47 அப்படியே இருந்துச்சு. மத்தவங்க எல்லாம் லைன்ல இன்ஜினை அணைச்சுட்டு நின்னாங்க. ஒரே ஒரு டூ-ஸ்ட்ரோக் சத்தம் மரங்களுக்குப் பின்னால போய், திரும்பி வந்துச்சு. அப்புறம் அவரும் லைன்ல வந்து நின்னார், எல்லாரும் கிக் பண்ணினாங்க, ரேஸ் ஆரம்பிச்சாங்க. கூட்டாளி ஏழாவதா வந்தார். "அவரா இருந்தா நாலாவது"ன்னு எழுதி அனுப்பியிருந்தார்.

அதே நாள் இன்னொரு போட்டோவும் வந்துச்சு. பேடக்ல ஜாவா, லிவர்ல புது ரப்பர். லேசா டைட்டா இருந்ததாம், வெந்நீர்ல போட்டு இளக்கி மாட்டினாங்களாம். அந்த மாஸ்கிங் டேப் துண்டை அவங்க மனைவி தூக்கிப் போடல. சுத்தமா உரிச்சு எடுத்து டேங்க்ல ஒட்டியிருக்காங்க. "தற்காலிகம்"ங்கிறதை மட்டும் ஒரு கோடு போட்டு அடிச்சிருக்காங்க.

இதனால என் மனசு லேசாகிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். அவர் கையால மாட்ட வேண்டியது. ஆகஸ்ட்லயே அனுப்பியிருந்தா, சாகறதுக்கு முன்னாடி நாலு மாசம் அவர் கால் அந்த ரப்பர்மேல பட்டிருக்கும். அந்தக் கணக்கு எப்பவும் நேராகாது.

இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற உங்கள்ல பல பேர் என் வயசுதான். நம்ம எல்லார் போன்லயும் "அடுத்த வாரம்"னு சொல்லிட்டு விட்ட ஒரு மெசேஜ் இருக்கும். "அவசரம் இல்ல"ன்னு சொல்றவங்க பெரும்பாலும் வயசானவங்களாத்தான் இருப்பாங்க. அவங்க அப்படித்தான் கேட்பாங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எபிசோடை நிறுத்திட்டு அதைத் தேடிப் பாருங்க.

நானும் ஒண்ணு பண்ணப் போறேன். அப்பாவோட யெஸ்டி விக்கல, சித்தப்பா வீட்டுக் கொட்டகையில தார்ப்பாய் போட்டு நிக்குது. பதினஞ்சு வருஷமா ஸ்டார்ட் பண்ணல. அடுத்த மாசம் பொறியாளர் மாதிரி இல்லாம, பையனா ஊருக்குப் போய் அப்பாகூட உட்கார்ந்து அதைக் கழட்டப் போறேன். கழட்டுற ஒவ்வொண்ணுலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதி வைக்கப் போறேன். டிக்கெட் போட்டாச்சு. அதனால இது அடுத்த வாரம் கணக்குல வராது.

இண்டெக்சிங் எபிசோடு வர்ற ஞாயிறு கண்டிப்பா வரும். பத்திரமா ஓட்டுங்க.